அடி அண்ணாமலையிலிருந்து தரமணிக்கு

அடி அண்ணாமலையில் ஒரு பெண் பி.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்தால் ஊர் அவளிடம் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கும். "ஏம்மா, நீட்டு கெடைக்கலியா?" என்பது ஒன்று. "அப்ப டீச்சருக்கா?" என்பது மற்றொன்று. கிரிவலப் பாதையில் இளநீர் விற்கிறவரானாலும், மானாவாரியில் மல்லாட்டை போடுகிறவரானாலும் உயிரியல் படித்த பிள்ளைக்கு அவர் அறிந்த வழிகள் இந்த இரண்டுதான். டாக்டர் ஆக வேண்டும், இல்லையென்றால் வாத்தியார் ஆக வேண்டும். திருவண்ணாமலையிலேயே 2013இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதால் முதல் வழியின் மேல் ஊருக்கு ஆசை கூடியிருக்கிறது. அங்கே இடம் கிடைக்காத பிள்ளைகள்தான் பெரும்பாலோர். அவர்கள் அரசு கலைக் கல்லூரிக்குப் போகிறார்கள். தோற்றுப்போனவர்கள் என்ற நினைப்போடு போகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

இந்த அத்தியாயம் அந்த மாணவர்களுக்கு உதவ நினைப்பவர்களுக்கானது. கல்லூரி ஆசிரியர், ஊரில் முதலில் பட்டம் வாங்கிய அண்ணன், நூலகர், விடுதிக் காப்பாளர் என யாராகவும் இருக்கலாம். இவர்களை இனி வழிகாட்டி என்றே குறிப்பிடலாம்.

மருத்துவர் ஆகாமலே மருத்துவத்துக்குள் நுழையும் படிப்புதான் உயிர்மருத்துவ அறிவியல். நோய் ஏன் வருகிறது, கிருமி எப்படி மருந்துக்கு அடங்காமல் போகிறது, மரபணுவில் எங்கே பிழை, புதிய மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது என்றெல்லாம் ஆராய்கிற துறை அது. தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சென்னை சேத்துப்பட்டில் இருக்கிறது. 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கி, இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் நடக்கிறது. காசநோய் வந்தவரைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்திருந்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம் அது. சென்னையின் ஏழை நோயாளிகளை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கிறது என்று 1959இல் வெளிவந்த இந்த மையத்தின் ஆய்வு காட்டியது. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே அது மாற்றியது. அந்த ஆய்வு டாக்டர்களால் மட்டும் நடந்துவிடவில்லை. சளி மாதிரியை வளர்த்துப் பார்த்த ஆய்வகப் பணியாளர்கள், எண்களைச் சரிபார்த்த புள்ளியியலாளர்கள், வீடு வீடாகப் போன சுகாதாரப் பார்வையாளர்கள் என ஒரு படையே பின்னால் இருந்தது. பி.எஸ்சி. படிக்கிற பெண்ணுக்கு வழிகாட்டி முதலில் சொல்ல வேண்டிய கதை இதுதான்.

சமுதாயக் கல்லூரி என்ற பாதி வழி

அமெரிக்காவில் இதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் குறைந்த கட்டணத்தில் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். மனித மரபணுத் தொகுதியை வாசித்தவர்களில் ஒருவரான கிரெய்க் வெண்டர் அப்படி வந்தவர்தான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய பிறகு சான் மாட்டியோ சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்து சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆனால் கறுப்பின, லத்தீன் அமெரிக்க, பூர்வகுடி மாணவர்களில் பலருக்கு இந்த மாற்றம் பாதியிலேயே நின்றுவிடுவதை அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவனங்கள் கவனித்தன. 1990களில் 'பிரிட்ஜஸ்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தன. சமுதாயக் கல்லூரியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து நிதி கொடுப்பது, கோடை விடுமுறையில் மாணவருக்குச் சம்பளத்தோடு ஆய்வக வேலை தருவது, சமுதாயக் கல்லூரியில் எடுக்கும் எந்தப் பாடம் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று முன்பே ஒப்பந்தம் செய்துகொள்வது ஆகியவை அதன் சாரம்.

தமிழ்நாட்டுக்கும் சமுதாயக் கல்லூரி புதிதல்ல. 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் முதல் கல்லூரிகள் தொடங்கின. சேவியர் அல்போன்ஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார் இதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். பள்ளியை விட்டவர்கள், குப்பத்துப் பெண்கள், வேலையில்லாத இளைஞர்கள் நோயாளி பராமரிப்பு போன்ற தொழில்களைக் கற்று வேலைக்குப் போனார்கள். அந்த அளவில் அது வெற்றிதான். ஆனால் மேலே ஏறும் படி இல்லை. பட்டயம் வாங்கியவர் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில் நுழையலாம் என்ற ஒப்பந்தம் எதுவும் பரவலாக ஏற்படவில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்ற தமிழக அரசின் விதி வேறு குறுக்கே நிற்கிறது. ஆகவே பத்தாம் வகுப்போடு பட்டயத்துக்குப் போன பிள்ளை யாராவது வழிகாட்டியிடம் வந்தால், வேறு எதையும் பேசுவதற்கு முன் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் பின்னால் கட்டுகிற எதுவும் நிற்காது.

நம் ஊரில் சமுதாயக் கல்லூரியின் வேலையை உண்மையில் செய்வது அரசு கலை அறிவியல் கல்லூரிதான். வீட்டிலிருந்து போய் வரலாம், கட்டணம் மிகக் குறைவு, குடும்பத்தில் முதலில் படிக்கிறவர்கள் நிறைய. திருவண்ணாமலைக் கல்லூரி வேலூர் சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இங்கே மாற்றம் என்பது படிப்பின் நடுவில் நடப்பதில்லை. பி.எஸ்சி. முடிந்து எம்.எஸ்சி.க்குத் தாவுகிற இடத்தில் நடக்கிறது. அந்த ஓர் இடத்துக்காக மூன்று ஆண்டுகள் தயாராக வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தெரியவருவது மூன்றாம் ஆண்டு ஏப்ரலில். அதற்குள் பாதி விண்ணப்பங்களின் கடைசித் தேதி போய்விட்டிருக்கும். மதிப்பெண் குறைந்து தடுக்கப்படுகிறவர்களைவிடத் தாளும் தேதியும் தெரியாமல் தடுக்கப்படுகிறவர்களே அதிகம் என்பது இந்த நூலின் கட்சி.

எங்கே போகலாம்

மிக அருகிலிருக்கும் பெரிய வாசல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகம். டாக்டர் ஏ.எல். முதலியார் பெயரிலுள்ள அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனம் அங்கே இருக்கிறது. மரபியல், உடலியங்கியல், உட்சுரப்பியல், நுண்ணுயிரியல், மருந்தியல் என்று துறைகள். உயிர்மருத்துவ மரபியலில் எம்.எஸ்சி. உண்டு. மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் 69 சதவீத இடஒதுக்கீடு பொருந்தும். கட்டணமும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. போக்குவரத்தையும் இங்கே சொல்லிவிடலாம், ஏனென்றால் வீட்டில் முதலில் எழும் கேள்வி அதுதான். 2024 மே மாதம் முதல் திருவண்ணாமலையிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட், காட்பாடி வழியாகச் சென்னைக் கடற்கரைக்கு விடியற்காலையில் மெமு ரயில் போகிறது. கடற்கரையில் இறங்கிப் பறக்கும் ரயிலில் ஏறினால் தரமணியிலேயே நிலையம் இருக்கிறது. நேர்காணலுக்கோ சான்றிதழ் சரிபார்ப்புக்கோ பெண்ணைத் தனியாக அனுப்பத் தயங்கும் அப்பாவும் கூடவே போய் இரவுக்குள் வீடு திரும்பலாம்.

வேலூர் சி.எம்.சி. எண்பது கிலோமீட்டர் தூரம்தான். உயிர்ப்புள்ளியியல், தொற்றுநோயியல் போன்ற முதுநிலைப் படிப்புகள் அங்கே உண்டு. கணக்கில் கை உள்ள பிள்ளைகளுக்கு ஏற்றவை. ஆனால் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதை மட்டும் நம்பி வேறு விண்ணப்பம் போடாமல் இருக்கக் கூடாது. ஜிப்மரும் பக்கத்தில், புதுச்சேரியில்.

தொலைவிலிருப்பவற்றில் டெல்லி எய்ம்ஸைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உடற்கூறியல், உயிர்வேதியியல், உயிர் இயற்பியல், மருந்தியல், உடலியங்கியல் ஆகியவற்றில் எம்.எஸ்சி. இருக்கிறது. எய்ம்ஸ் என்றாலே எம்.பி.பி.எஸ். என்று நினைப்பதால் நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பட்டத்தில் 60 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 55 சதவீதம் இருந்தால் நுழைவுத் தேர்வு எழுதலாம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1991இல் தொடங்கிய டாக்டர் அம்பேத்கர் உயிர்மருத்துவ ஆராய்ச்சி மையமும் உயிர்மருத்துவ அறிவியலில் முதுநிலைப் பட்டம் தருகிறது.

எம்.எஸ்சி.தான் ஒரே வழி என்றில்லை. டி.ஃபார்ம். முடித்தவர் பி.ஃபார்ம். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். செவிலியர் பட்டயம் பெற்றவருக்கு இரண்டாண்டுப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் இருக்கிறது. பலருக்குத் தெரியாதது ஒன்றும் உண்டு: பிளஸ் டூவில் கணிதம் படித்திருந்தால், பி.எஸ்சி. முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர முடியும். உயிர்மருத்துவப் பொறியியலும் அதில் அடக்கம். உயிரியல்-கணிதப் பிரிவு எடுத்த பிள்ளைக்கு இந்தக் கதவு திறந்திருக்கும். தாவரவியல்-விலங்கியல் பிரிவு எடுத்தவருக்கு மூடியிருக்கும். பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப் என்று கேட்க வரும் தம்பி தங்கைகளிடம் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கை. பேருந்து நிலையத்தை ஒட்டிய மாடிகளில் லேப் டெக்னீஷியன் படிப்பு என்று பலகை தொங்கும். ஆறே மாதம், நூறு சதவீத வேலை என்று எழுதியிருக்கும். துணை மருத்துவப் படிப்புகளை ஒழுங்குபடுத்த 2021இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் அல்லது அரசு அமைப்பின் முத்திரை வரும் என்று வழிகாட்டி நேரில் போய்க் கேட்க வேண்டும். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

எந்த வாசல் யாருக்கு அகலம்

இடஒதுக்கீட்டைச் சமூக நீதி வகுப்பாகப் பேசுவது வேறு. விண்ணப்பம் போடும்போது அது வெறும் கணக்கு. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, அருந்ததியருக்கான 3 உட்படப் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி.க்கு 27, எஸ்.சி.க்கு 15, எஸ்.டி.க்கு 7.5.

இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜவ்வாது மலையிலிருந்து வரும் மலையாளி சமூக மாணவருக்கு எது லாபம் என்று உடனே தெரியும். மாநிலக் கல்லூரியில் நூற்றுக்கு ஓர் இடம், மத்திய நிறுவனத்தில் ஏழரை. ஜமுனாமரத்தூரிலிருந்து மலை இறங்கிப் படிக்கிற பையனை டெல்லிக்கு விண்ணப்பிக்கச் சொன்னால் பயப்படுவான். அவனைவிட அவனுடைய ஆசிரியர்கள் அதிகம் பயப்படுவார்கள். இருந்தும் கணக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. எம்.பி.சி. பிரிவு மாணவருக்கு இது தலைகீழ். மாநிலத்தில் அவருக்கென்று 20 சதவீதம் தனியாக இருக்கிறது. மத்தியில் எல்லா ஓ.பி.சி.யினரோடும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். அவருக்குத் தரமணி முதலில், டெல்லி பிறகு.

இதில்தான் சான்றிதழ் தகராறு வருகிறது. பள்ளியில் வாங்கிய எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனத்தில் செல்லாது. ஓ.பி.சி. சான்றிதழ் தனி, மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவைச் சேர்ந்தவர் அல்ல என்ற உறுதியோடு இருக்க வேண்டும். அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். 8 லட்ச ரூபாய் வருமான வரம்பைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. இது தெரியாமல் "உனக்குக் கிடைக்காது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர். எஸ்.டி. சான்றிதழைத் தாசில்தார் தரமாட்டார். கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை நடக்கும், மாதங்கள் ஆகும். ஆகவே அதற்கான மனு முதலாண்டிலேயே இ-சேவை மையத்தில் ஏறிவிட வேண்டும்.

இனிஷியல் விவகாரம் இன்னும் நுணுக்கமானது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கவிதா எஸ்' என்று இருக்கும். ஆதாரில் 'எஸ். கவிதா' என்று முன்னால் வந்திருக்கும். வங்கிக் கணக்கில் 'கவிதா சுப்பிரமணி' என்று அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். சாதிச் சான்றிதழில் சுப்பிரமணி, சுப்ரமணியாகவோ சுப்பிரமணியனாகவோ ஆகியிருப்பார். வட இந்தியாவில் வடிவமைத்த இணையப் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்டு நிற்கும்போது பிள்ளை பதறிப் போய் எதையாவது நிரப்பிவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதே பெயர் என்று முடிவு செய்து, எழுத்துக்கு எழுத்து மற்றதையெல்லாம் அதற்கு ஒத்துவரத் திருத்துவதுதான் வழி. ஒரு சனிக்கிழமை வகுப்பிலுள்ள எல்லாரையும் இந்த நான்கு ஆவணங்களோடு வரச் சொல்லி மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பார்த்தால், யாருக்கு எங்கே பிசகு என்று மதியத்துக்குள் தெரிந்துவிடும். ஊக்கப் பேச்சாளரை அழைத்து வந்து கூட்டம் போடுவதைவிட இது பயனுள்ள சனிக்கிழமை.

நாட்காட்டி

மூன்றாம் ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் ஜாம் தேர்வுக்கு விண்ணப்பம். தேர்வு பிப்ரவரியில். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் முதுநிலைத் தேர்வு 2022இல் தொடங்கியது. விண்ணப்பம் குளிர்காலத்தில், தேர்வு மார்ச்சை ஒட்டி. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவில் நடக்கும் படிப்புகளுக்கு காட்-பி தேர்வு கோடையில். இதில் இடம் பிடித்து எம்.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பம் படித்தால் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களும் எய்ம்ஸும் அதற்குப் பிறகு. தேதிகள் ஆண்டுக்காண்டு கொஞ்சம் முன்பின் ஆகும், வரிசை பெரிதாக மாறாது.

அடி அண்ணாமலைக்காரர்கள் இந்த நாட்காட்டியில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். பௌர்ணமி. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் மேலேயே ஊர் இருக்கிறது. பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் நடக்கும்போது வண்டிகளை விடமாட்டார்கள். மறுநாள் காலை வேலூரிலோ சென்னையிலோ நுழைவுத் தேர்வு என்றால் முந்தைய நாள் மதியமே கிளம்பி, உறவினர் வீட்டில் தங்கிவிட வேண்டும். கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களில் ஊரே அடைபட்டுக் கிடக்கும். அந்த வாரத்தில் சான்றிதழ் வேலை எதுவும் நகராது என்று வைத்துக்கொள்வதே நல்லது.

ஜாம் உயிரித் தொழில்நுட்பத் தாளிலும் காட்-பி முதல் பகுதியிலும் பிளஸ் டூ தரத்தில் இயற்பியல், வேதியியல், கணிதம் வருகிறது. பி.எஸ்சி. சேர்ந்த மறுவாரமே பள்ளிப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்ட பிள்ளைகள் இங்கேதான் வழுக்குகிறார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பாடநூல்கள் இரண்டு மொழிகளிலும் இணையத்தில் இலவசம். விலங்கியல் நூலின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு பாடத்தைத் தமிழில் படித்து உடனே அதையே ஆங்கிலத்தில் படித்தால், பொருள் ஏற்கெனவே பிடிபட்டிருப்பதால் சொல் தானாக ஒட்டிக்கொள்ளும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் கட்டும் பணத்துக்கு இதில் கிடைப்பதில் கால்பங்குகூடக் கிடைக்காது.

மதிப்பெண் பட்டியலில் புள்ளிச் சராசரி இருக்கும், படிவம் சதவீதம் கேட்கும். தமிழ், ஆங்கிலப் பாடங்களையும் சேர்ப்பதா, முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும் மட்டுமா என்ற குழப்பமும் வரும். மாற்றும் முறையைக் கல்லூரியிடமிருந்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு. வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர் மாற்றுச் சான்றிதழோடு இடப்பெயர்வுச் சான்றிதழும் வாங்க வேண்டும். அரியர் ஒன்று தொங்கினாலும் இவை எதுவும் கைக்கு வராது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அரியரைத் துடைத்துவிடச் சொல்வதில் வழிகாட்டி கொஞ்சம் கறாராகவே இருக்கலாம்.

ஆய்வக அனுபவம், உள்ளூரிலேயே

நேர்காணலில் "என்ன பிராஜெக்ட் செய்தாய்?" என்று கேட்பார்கள். நகரத்துப் பிள்ளைகள் ஏதாவது நிறுவனத்தில் ஒரு மாதம் இருந்ததைச் சொல்வார்கள். அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து பெங்களூரிலிருந்து நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டத்தில் உதவித்தொகையும் ரயில் கட்டணமும் தருகிறார்கள். அதற்கு ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காதவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. இறுதியாண்டு மாணவர் திட்டங்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றம் சிறிய தொகை தருகிறது.

கேள்வியும் ஊரிலேயே கிடைக்கிறது. கிரிவலப் பாதையில் பக்தர்களுக்காக வைத்திருக்கும் குடிநீர்த் தொட்டிகளின் நீர், பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் எப்படி இருக்கிறது? கொதிக்கவைத்துக் கிருமி நீக்கிய பாட்டிலில் நீரைப் பிடித்து, சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஊதா நிற மெக்கான்கி திரவ ஊடகம் ஊற்றிய சோதனைக் குழாய்களில் அளந்து விடவேண்டும். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தலைகீழாக ஒரு சின்ன டர்ஹாம் குழாய் இருக்கும். 37 டிகிரியில் வைத்து மறுநாளும் அதற்கடுத்த நாளும் பார்க்க வேண்டும். ஊதா மஞ்சளாகி, சின்னக் குழாயின் உச்சியில் வாயுக் குமிழி நின்றால் கோலிஃபார்ம் கிருமி இருக்கலாம் என்று பொருள். எத்தனை குழாய்களில் குமிழி என்று எண்ணி, அட்டவணையில் பார்த்தால் நூறு மில்லிலிட்டரில் தோராயமாக எத்தனை என்று கிடைக்கும். ஆட்டோகிளேவ் பழுதாகிக் கிடக்கும் கல்லூரியில் பெரிய பிரஷர் குக்கரை வைத்தே ஊடகத்தைக் கிருமி நீக்கலாம். 15 பவுண்டு அழுத்தத்தில் 15 நிமிடம். வெப்பம் 121 டிகிரி. இதைக் கையால் செய்த மாணவி, ஏன் ஒரே ஒரு குழாயை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று எந்தப் பேராசிரியர் கேட்டாலும் பதில் சொல்வாள்.

முடிவுகள் வந்தால் அவற்றை முதலில் ஊராட்சிக்குக் கொடுப்பது முறை. சமூக ஊடகத்தில் போட்டுப் பரபரப்பு உண்டாக்குவதில் அந்தப் பெண்ணுக்கு நன்மை எதுவும் இல்லை.

பணமும் முதல் பருவமும்

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். முதல் பட்டம் முடிந்ததும் இந்தப் பணம் நின்றுவிடும். எம்.எஸ்சி.க்குப் போகும்போது வீட்டில் ஏற்படுகிற துண்டு இதுதான். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை உதவித்தொகையும் இருக்கின்றன. ஆனால் அவை கல்வியாண்டின் பிற்பகுதியில்தான் கணக்கில் ஏறும். சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், முதல் இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றுக்குக் கையில் பணம் வேண்டும். ஊர்ச் சங்கமோ பழைய மாணவர்களோ சுழல்நிதி போல ஒரு தொகை வைத்திருந்து, உதவித்தொகை வந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டால் வட்டிக்காரரிடம் போக வேண்டியிருக்காது. சென்னையில் அரசு நல விடுதிகள் உண்டு. 2025 முதல் இவை சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படுகின்றன. சைதாப்பேட்டையிலுள்ள எம்.சி. ராஜா விடுதி தரமணியிலிருந்து அதிக தூரமில்லை. கல்லூரியில் சேர்ந்த பிறகு விடுதியைத் தேடுவதைவிட, சேர்க்கை ஆணை வந்த அன்றே விண்ணப்பிப்பது நல்லது.

எல்லபிரகட சுப்பாராவின் கதையை இந்த இடத்தில் சொல்வார்கள். மெட்ரிகுலேஷனில் மூன்றாம் முறைதான் தேறியவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பதில் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். பின்னால் அமெரிக்கா போய், ஃபோலிக் அமிலம் உள்ளிட்ட கண்டுபிடிப்புகளில் முன்னணியில் நின்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கப்பல் ஏற மாமனார் வீட்டுப் பணமும் ஓர் அறக்கட்டளையின் உதவியும் இருந்தன என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதைச் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைக்கும் வழிகாட்டிக்கும் அந்தக் கதை உதவும்.

சேர்ந்துவிட்டதோடு வேலை முடிந்தது என்று வழிகாட்டிகள் ஒதுங்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஜான் ஹில்ஸ் என்ற ஆய்வாளர் 1965லேயே 'மாறுதல் அதிர்ச்சி' என்று ஒன்றைப் பற்றி எழுதினார். சிறிய கல்லூரியிலிருந்து பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களின் மதிப்பெண் முதல் பருவத்தில் சரிகிறது. தாக்குப்பிடித்தவர்களில் பெரும்பாலோர் பிறகு மீள்கிறார்கள். அடி அண்ணாமலைப் பெண்ணுக்கும் அதுதான் நடக்கும். ஊர்க் கல்லூரியில் முதல் மாணவியாக இருந்தவள், ஆங்கிலத்திலேயே நடக்கும் வகுப்பில் முதல் அகமதிப்பீட்டுத் தேர்வில் பாதி மதிப்பெண் வாங்குவாள். வீட்டுக்குப் போன் செய்து அழுதால், "வந்துடும்மா, பி.எட். சேத்துடலாம்" என்று அம்மா பாசத்தோடு சொல்லிவிடுவார். அதற்கு முன்னால் அவளிடம் பேச வேண்டியவர் அதே கல்லூரியிலிருந்து ஒன்றிரண்டு ஆண்டு முன்னால் போன ஓர் அக்காவோ அண்ணனோ. அப்படி ஒருவரின் எண்ணைச் சேர்க்கை நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். அப்படி யாரும் இல்லாத முதல் ஆண்டில் வழிகாட்டியே வாரத்துக்கு ஒரு முறை பேச வேண்டும். படிப்பைப் பற்றி விசாரிப்பதைவிட, சாப்பாடு, ரூமில் உடன் இருப்பவர்கள், புரியாத வகுப்பின் பெயர் என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்.

டிசம்பரில் முதல் பருவ முடிவு வரும்போது ஒரு கணக்கு போட வேண்டும். ஐ.சி.எம்.ஆர். அல்லது சி.எஸ்.ஐ.ஆர். இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதற்கான தேர்வை எழுத எம்.எஸ்சி.யில் பொதுப் பிரிவினருக்கு 55 சதவீதமும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 50 சதவீதமும் வேண்டும். முதல் பருவத்தில் 48 வந்திருந்தால், மீதமுள்ள மூன்று பருவங்களிலும் சராசரியாக எவ்வளவு எடுத்தால் அந்த எல்லையைத் தாண்டலாம் என்று போனிலேயே சேர்ந்து கணக்குப் பார்க்கலாம். 55 வேண்டுமென்றால் விடை 58க்குச் சற்றுக் குறைவு; 50 போதுமென்றால் 51க்குக் கீழே.